அரக்கு வைத்த பூட்டு

எங்கள் ஊரில் நெருப்புக்குப் பயந்தவர்களைவிட என் அப்பாவுக்குப் பயந்தவர்கள்தான் அதிகம் என்று சிறுவயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதில் எனக்குப் பெருமை வேறு. அப்பா சவுக்கங்காட்டைக் காவல்காக்கும் வாச்சர். காக்கிக் காற்சட்டையும் காக்கிச் சட்டையும் போட்டு, வன இலாகா கொடுத்த தொப்பியையும் வைத்துக்கொண்டு அவர் சைக்கிளில் வரும்போது, வேலிக்கரையில் நின்று கதைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் சட்டென்று வாயை மூடிக்கொள்வார்கள். அதை மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

தொண்டைமானாற்றுக்குக் கிழக்கே, கடற்கரையோரமாகக் கிடந்த சின்ன மீன்பிடிக் கிராமம் எங்களுடையது. ஒரு பக்கம் கடல். மறுபக்கம் மணல்மேடுகள், அவற்றின்மேல் சவுக்கங்காடு. அந்தக் காட்டை யாரும் அழகு பார்க்க நடவில்லை. தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று தொடங்கினால் மணல் எழும்பி ஊருக்குள் நடந்து வரும். முந்தின காலத்து வேதக்கோயிலொன்று மணலுக்குள் புதைந்து, மேற்சுவர் மட்டும் தெரிந்தபடி கிடந்தது. அதைத் தாண்டித்தான் புதுக் கோயிலுக்குப் பூசைக்குப் போவோம். ஆகவே சவுக்கின் அருமையை எங்கள் சனத்துக்கு யாரும் வந்து படிப்பிக்கத் தேவையிருக்கவில்லை.

அப்பாவும் கடற்றொழில் செய்கிற குடும்பத்துப் பிள்ளைதான். ஆனால் வள்ளத்தில் ஏறினால் அவருக்குத் தலை சுற்றிச் சத்தி வரும். இந்தக் குறையை ஊர் மறக்கவில்லை, அவரும் மறக்கவில்லை. அதனாலோ என்னவோ, அரசாங்க உத்தியோகம் கிடைத்ததும் அதை இரண்டாவது வேதமாகப் பிடித்துக்கொண்டார். முதலாவதான கத்தோலிக்க வேதத்திலாவது செய்த பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கப் பாவசங்கீர்த்தனம் என்று ஒன்று இருந்தது, இரண்டாவதில் அதுவும் இல்லை.

சவுக்கு மரம் ஓயாமல் சருகு கொட்டும். ஊசி ஊசியாகக் கபில நிறத்தில் விழுந்து, நடந்தால் கால் புதைகிற அளவுக்குச் சேர்ந்துவிடும். நல்ல காலத்தில், சோளகத்துக்கு முன்பு இலாகாவிலிருந்து ஆட்களைப் பிடித்து, காட்டுக்குக் குறுக்கே அகலமான பாதைகளாகச் சருகை அரித்து, வெறும் மணலாக்கி விடுவார்கள். வெட்டை என்று அதற்குப் பெயர். ஒரு பக்கம் நெருப்புப் பிடித்தாலும் வெட்டையைத் தாண்டி மற்றப் பக்கத்துக்கு வராது. பிறகு இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மூண்டது, பாதைகள் அடைபட்டன. றேஞ்சர் ஐயா வவுனியாப் பக்கம் போனவர் திரும்பி வரவில்லை. ஆட்களைப் பிடிக்க ஒருவருமில்லை. அப்பா தனியாகக் கொஞ்சநாள் அரித்துப் பார்த்தார். முன்னுக்கு அரிக்கப் பின்னுக்கு நிரம்பியது. கடைசியில் வெட்டை எது காடு எது என்று தெரியாமல் எல்லாம் ஒரே மெத்தையாகப் போய்விட்டது.

அதே காலத்தில்தான் மண்ணெண்ணெயும் வராமல் நின்றது. ஊர் முழுக்க விறகடுப்பு. அடுப்பு மூட்டச் சவுக்கஞ் சருகைப்போல ஒரு சாமான் கிடையாது. பெண்கள் குப்பைவாரியும் சாக்கும் கத்தியும் கொண்டு காட்டுக்கு வரத் தொடங்கினார்கள். யோசித்துப் பார்த்தால், காட்டுக்கும் அதுதான் தேவை, அடுப்புக்கும் அதுதான் தேவை. இலாகா கூலி கொடுத்துச் செய்வித்த வேலையை இவர்கள் சும்மா செய்யத் தயாராக நின்றார்கள். ஆனால் அரசாங்கக் காட்டில் இலை, கொப்பு, சருகு எதையும் ஒருவரும் தொடக்கூடாது என்று சட்டம் சொன்னது. அப்பா சட்டத்தின் பக்கம் நின்றார். வேறொருவரும் அந்தப் பக்கத்தில் இல்லாததால் அவருக்கு அங்கே நல்ல இடவசதி இருந்தது.

பிடிபட்டவர்களின் குப்பைவாரியையும் கத்தியையும் அப்பா பறித்துவிடுவார். அவை வழக்குச் சாமான்கள். எங்கள் வீட்டோடு சேர்ந்தாற்போல இலாகாவின் ஸ்ரோர் என்ற சாமான் அறை இருந்தது. கல்வீடு, தகரக்கூரை, பலகைக் கதவு. சாமான்களை அதற்குள் வைத்துப் பூட்டி, பூட்டைத் துணியால் சுற்றி, துணியின்மேல் அரக்கை உருக்கி ஊற்றி, இலாகாவின் பித்தளை முத்திரையால் அழுத்துவார். அந்த முத்திரையை அவர் தனியாக உடைக்கக்கூடாது, சாட்சி வேண்டும். ஆகவே புதிதாக ஒரு வாரி சேரும்போதெல்லாம் கிராம அதிகாரியான விதானையாரைக் கூட்டிவந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கப் பழைய அரக்கை உடைத்து, கதவைத் திறந்து, சாமானை வைத்து, மறுபடி அரக்கு ஊற்றுவார். மெழுகுதிரி பிடிப்பது என் வேலை. அந்தச் சிவப்பு அரக்கு சொட்டுச் சொட்டாக விழுவதையும் அதன் வாசத்தையும்போல எனக்குப் பிடித்தது வேறொன்றுமில்லை.

வழக்கு எப்போது விசாரணைக்கு வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நீதிமன்றம் கூடுவது நின்றுபோய் நெடுநாளாகிவிட்டது. கட்டடத்தின் கூரை ஷெல் விழுந்து பறந்திருந்தது. ஆனாலும் அப்பாவின் கணக்கில் நீதவான் எங்கோ உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தார், எந்த நேரமும் வந்து தன் கதிரையில் உட்காருவார்.

ஒருநாள் இயக்கப் பெடியள் ட்ரக்டரில் வந்து பங்கர் குழிகளுக்கென்று சவுக்கு மரங்களைத் தறித்தார்கள். அடிமரமே போயிற்று. அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். அவர்களுடைய கோடாலி ஒன்றும் எங்கள் ஸ்ரோருக்கு வரவில்லை. அம்மா அன்றைக்குச் சோறு போடும்போது, "அரசாங்கச் சருகெல்லாம் சுகமா இருக்குதோ?" என்று கேட்டார். அப்பா சாப்பிட்டுவிட்டுப் போனார்.

மாமியையும் அவர் விடவில்லை. மாமி அப்பாவின் சொந்தத் தங்கை. மாமா கடலில் இறந்துபோனபின் பிள்ளைகளும் இல்லாமல் தனியாக இருந்தார். காடு முடிந்து ஊர் தொடங்குகிற இடத்தில் முதல் வீடு அவருடையது, தென்னங்கிடுகால் வேய்ந்த சின்ன வீடு. உள்ளே பாதி இடத்தை மாமாவின் வலைகள் பிடித்திருந்தன. அந்த வலைகளை மற்றவர்களின் வள்ளத்துக்குக் கொடுத்து, பிடிபடும் மீனில் பங்கு வாங்கித்தான் அவர் சீவித்தார். அவர் வீட்டுக்குப் பின்னால் சருகு கூட்டிக்கொண்டு நின்றபோது அப்பா போய்ப் பிடித்தார். நான் சைக்கிள் பாரில் இருந்தேன்.

"அண்ணை, இது சருகு. மரமில்லை" என்றார் மாமி.

"சருகும் அரசாங்கத்தின்ரைதான்."

"அப்ப அரசாங்கத்தை வந்து கூட்டச் சொல்லுங்கோ. நெருப்புக் கிருப்புப் பிடிச்சால் முதல் எரியிறது என்ரை வீடு."

அப்பா கையை நீட்டினார். மாமி வாரியைக் கொடுத்தார். அது மாமா கட்டிக்கொடுத்த வாரி. பிடியில் பச்சைநிற நைலோன் நூல் சுற்றியிருக்கும். அப்பா சொந்தத் தங்கையையே விடவில்லை என்று ஊர் கதைத்தது. அதையும் நான் புகழ்ச்சியாகத்தான் கேட்டேன்.

அதற்குப் பிறகு மாமி அப்பாவோடு முகம் பார்த்துக் கதைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவுமில்லை. பின்பக்கத்துக் குசினி வாசலால் வந்து, பூசைக்குப் போகுமுன் எனக்குத் தலை பின்னிவிடுவார். அம்மா பின்னினால் கண்ணில் தண்ணீர் வரும், அப்படி ஒரு இழுவை. மாமியின் கை தலையில் இருப்பதே தெரியாது. கிழிந்த வலை பொத்திப் பழகிய விரல்கள். ரிபனைப் பூவாகக் கட்டிவிட்டு, "போய்க் கண்ணாடியைப் பார், எங்கடை அம்மா வந்து நிக்கிறா" என்பார். அவருடைய தாயைப் போல நான் இருக்கிறேனாம். அப்பா முன்வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார், மாமி குசினி வாசலால் போய்விடுவார். அண்ணனும் தங்கையும் ஒருநாளைக்கு ராசியாகிவிடுவார்கள் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அவர்கள் கோபமாக இருப்பதே சரியாகத் தெரியாது.

சோளகம் உச்சத்தில் அடித்த ஒரு மத்தியானம் காட்டின் தெற்குப் பக்கத்தில் புகை எழும்பியது. காலையில் இராணுவ ஹெலிகொப்டர் ஒன்று கடல்நீரேரிப் பக்கமாகச் சுட்டுக்கொண்டு போனது, அதனால்தான் என்றார்கள் சிலர். பீடித்துண்டு என்றார்கள் சிலர். எதுவாக இருந்தாலும் காற்று எங்கள் பக்கம் பார்த்து வீசியது. சவுக்கஞ் சருகு எரிவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கொழுந்துவிட்டுப் பெரிதாக எரியாது. நிலத்தோடு நிலமாக வேகமாய் ஓடும். இடையிடையே ஒரு இளமரத்தில் ஏறிச் சடசடவென்று வெடிக்கும்.

அப்பா காட்டுக்குள் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, வேர்வையோடு திரும்பி ஓடிவந்தார். அதற்குள் ஊர்ச்சனம் எங்கள் முற்றத்தில் நிறைந்துவிட்டது. ஆணும் பெண்ணுமாக எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அப்பா ஊர் உதவவில்லை என்று ஒரு சொல்லைச் சொல்லியிருந்தார், அது பொய். ஊர் வந்தது. வெறுங்கையோடு வந்தது. மாமி வீட்டுப் பின்புறத்தில் பழைய வெட்டையை மறுபடி அரித்து மணலாக்கினால் நெருப்பை அங்கே மறிக்கலாம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பச்சைக் கொப்பு வெட்டி அடிக்கலாம் என்றும் தெரிந்திருந்தது. அரிக்க வாரியும் வெட்டக் கத்தியும்தான் வேண்டும். அவ்வளவும் எங்கள் ஸ்ரோருக்குள் இருந்தன.

"அண்ணை" என்றார் மாமி. நெடுநாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கதைத்தார். "என்ரை வாரியைத் தாங்கோ. அணைச்சுப்போட்டுத் திருப்பித் தாறன்."

"ஓம், எல்லாரும் திருப்பித் தாறம்" என்றது சனம்.

அப்பா காற்சட்டைப் பையிலிருந்து பூட்டின் திறப்பை எடுத்தார். எடுத்துக்கொண்டு கதவுக்குக் கிட்டவும் போனார். பூட்டைச் சுற்றியிருந்த அரக்கைப் பார்த்தார். அவருடைய கை அதற்கு நேரே போய் நின்றுவிட்டது.

"முத்திரையை நான் தனிய உடைக்கேலாது" என்றார். "நாளைக்குக் கோட்டிலை நீதவானுக்கு ஆர் பதில் சொல்லுறது? விதானையாரைக் கூட்டிக்கொண்டு ஓடியாறன். பொறுங்கோ. ஒரு நிமிசம் பொறுங்கோ."

"வாச்சர், நாங்கள் பொறுப்பம். நெருப்புப் பொறுக்குமே?" என்று கூட்டத்திலிருந்து யாரோ கேட்டார்கள்.

அம்மா முன்னுக்கு வந்தார். "இஞ்சருங்கோ, உங்கடை கோட்டுக்குக் கூரையே இல்லை. திறப்பைத் தாங்கோ!"

அப்பா திறப்பைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு சைக்கிளில் ஏறினார். மணலில் சில்லுப் புதைந்தது. இறங்கி உருட்டிக்கொண்டு ஓடினார், மறுபடி ஏறினார். அவர் சோம்பேறித்தனமாகவோ அக்கறையில்லாமலோ போகவில்லை. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மிதித்தார். அவர் ஒரு கெட்ட மனிதராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மாமி அந்த நேரத்தில் வீட்டுக்கு ஓடி வலைகளையாவது வெளியே இழுத்துப் போட்டிருக்கலாம். யாரோ சொன்னார்கள்கூட. "அண்ணை வந்திடுவார்" என்றுவிட்டு அவர் ஸ்ரோர் வாசலிலேயே நின்றார். புகை தலைக்குமேல் வந்து, வெயில் செம்மஞ்சளாக மாறியது. சிலர் கையாலேயே சருகை வாரப் போனார்கள், வேறு சிலர் தென்னோலையால் அடிக்கப் போனார்கள். நெருப்புக்கு அது காணாது. எங்களுக்கு இருமல் வந்தது. பாதையைப் பார்த்தோம். அப்பா வரவில்லை.

கடைசியில் அம்மாதான் குசினிக்குள் போய் அம்மிக்குழவியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இரண்டு கையாலும் ஓங்கிப் பூட்டில் போட்டார். அரக்கு சில்லுச் சில்லாகப் பறந்தது. பூட்டு அசையவில்லை, கொளுக்கிதான் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு திறந்ததும் சனம் உள்ளே பாய்ந்தது. இருட்டுக்குள்ளும் ஆளாளுக்குத் தங்கள் தங்கள் வாரியும் கத்தியும் கைக்கு வந்தன. ஒருவரும் மாறி எடுக்கவில்லை. மாமி பச்சை நூல் சுற்றிய வாரியோடு எல்லோருக்கும் முன்னால் ஓடினார்.

ஆனால் நெருப்பு அவருடைய வேலிக்கு முந்திப் போயிருந்தது. கிடுகுவேலி பற்றி, கூரை பற்றி, நாங்கள் போய்ச் சேரும்போது வீட்டுக்குள் வெளிச்சமாக இருந்தது. மாமி வாரியைப் போட்டுவிட்டு உள்ளே போனார். பிடிக்கப் போனவர்களின் கைக்கு அகப்படவில்லை. ஒரு வலையின் நுனியைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். நைலோன் வலை, அது எரியாமல் உருகியது. உருகி அவருடைய இரண்டு கைகளிலும் ஒட்டிக்கொண்டது. அவர் கைகளை முன்னே நீட்டியபடி, வேறு யாருடையவோ கைகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மற்ற வீடுகளுக்கு முன்னால் சனம் வரிசையாக நின்று அரித்தது. கொப்பு வெட்டி அடித்தது, மண் அள்ளி எறிந்தது. நெருப்பு அரித்து மணலாக்கிய அந்தப் பாதையில் வந்து நின்றுவிட்டது. வேறொரு வீடும் போகவில்லை. நேரத்தோடு வாரி கிடைத்திருந்தால் மாமியின் வீடும் போயிராது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அப்பா அப்போதுதான் வந்தார். விதானையார் சைக்கிளின் பின்கரியரில் இருந்தார். அவரை வீட்டில் காணாமல், கூட்டுறவுச் சங்கக்கடையில் தேடிப்பிடித்துக் கொண்டுவந்தாராம். விதானையார் இறங்கி, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கரியாய்க் கிடந்த மாமியின் வீட்டைப் பார்த்தார்.

"ஐசே, என்னத்துக்கு என்னைக் கூட்டியந்தனீர்?" என்று கேட்டார். நடந்தே திரும்பிப் போனார்.

அப்பா சட்டையைக் கழற்றி, காட்டுக்குள் அங்குமிங்கும் புகைந்துகொண்டிருந்த மிச்ச நெருப்பையெல்லாம் அந்தக் காக்கிச் சட்டையாலேயே அடித்தார். தனியாக நின்று அடித்தார். ஒருவரும் அவரைத் தடுக்கவுமில்லை, அவரோடு சேரவுமில்லை.

பொழுதுபடுகிற நேரம் சனம் எங்கள் வீட்டுக்கு வந்தது. முற்றத்தில் நின்றிருந்த எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. ஒவ்வொருவராக வந்து, கதவு திறந்து கிடந்த ஸ்ரோருக்குள் போய், வாரியையும் கத்தியையும் சுவரோடு சாத்தி வைத்துவிட்டு வெளியே போனார்கள். அம்மாவிடம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. அம்மா, "கொண்டுபோங்கோ, உங்கடை சாமானை நீங்கள் கொண்டுபோங்கோ" என்று ஒவ்வொருவரின் பின்னாலும் கெஞ்சிக்கொண்டு போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியாக மாமி வந்தார். இரண்டு கைகளையும் வாழைக்குருத்தால் சுற்றியிருந்தார்கள். வாரியைக் கையால் பிடிக்க முடியாமல் இரண்டு முழங்கைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வந்தார். குசினி வாசலால் வரவில்லை, முன்வாசலால் வந்தார். அப்பா பலகை வாங்கில் உட்கார்ந்திருந்தார், மேலில் சட்டையில்லை, முகமெல்லாம் கரி.

"அண்ணை, திருப்பித் தாறனெண்டு சொன்னனான்" என்றார் மாமி. "இந்தாங்கோ."

அப்பா எழும்பினார். அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன சொல்லவேண்டும் என்று எனக்கு இன்றைக்குத் தெரியும். காலில் விழுந்திருக்கலாம். ஒன்றுமே சொல்லாமல் அழுதிருந்தாலும் போதும். அப்பா வாரியை வாங்கி, நூல் சுற்றிய பிடியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, மற்றவற்றோடு கொண்டுபோய்ச் சாத்தி வைத்தார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். திரும்பி வரும்போது மாமி இல்லை.

பிறகு அப்பா முற்றத்தில் கிடந்த அம்மிக்குழவியை எடுத்து, பிடுங்குண்ட கொளுக்கியை நிலையோடு வைத்து ஆணிகளை அடித்தார். பூட்டைப் போட்டுத் துணியைச் சுற்றினார். "பிள்ளை, மெழுகுதிரியை எடுத்துக்கொண்டு வா" என்றார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னுமொரு நெருப்போ?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அன்றைக்கு விதானையார் இல்லை, சாட்சிக்கு நான் மட்டும்தான். நெருப்புக்குச்சியை உரசி மெழுகுதிரியைக் கொளுத்தினேன். அரக்கு சொட்டுச் சொட்டாகத் துணியில் விழுந்தது. ஊரெல்லாம் புகை மணந்தாலும் அந்த வாசம் தனியாகத் தெரிந்தது.

எனக்குச் சந்தோசமாக இருந்தது. அதுதான் உண்மை. திருப்பித் தருவதாகச் சொல்லி வாங்கிய சாமானை ஒன்று குறையாமல் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களே, என் அப்பாவுக்கு ஊர் எவ்வளவு பயம், எவ்வளவு மரியாதை என்று நினைத்தேன். மாமியும் முன்வாசலால் வந்து அப்பாவோடு கதைத்துவிட்டார், அம்மா சொன்னதுபோல இரண்டுபேரும் ராசியாகிவிட்டார்கள் என்றும் நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிய எழும்பி, முகம் கழுவி, சீப்பையும் நீல ரிபனையும் எடுத்துக்கொண்டு குசினி வாசற்படியில் போய் இருந்தேன். கோயில் முதலாம் மணி அடித்தது, இரண்டாம் மணியும் அடித்தது. அம்மா உள்ளேயிருந்து, "வா, நான் பின்னிவிடுறன்" என்று கூப்பிட்டார். எனக்கு அம்மாவின் இழுவை பிடிக்காது. மாமி இப்போது வந்துவிடுவார், நான் அவரிடமே பின்னுகிறேன் என்று சொல்லிவிட்டு, தலையை விரித்துப் போட்டபடி அங்கேயே இருந்தேன்.